முகம் மாற்றும் காய்ச்சல்

காய்ச்சல் விட்ட காலையில் தணிகாசலம் வேறொரு முகத்தோடு எழுந்து உட்கார்ந்தான். கஞ்சிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் திரும்பிய அபரஞ்சி, தன் புருஷனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு தன் புருஷனின் கட்டிலில் யாரோ ஒரு ஆம்பளை போர்வையை மடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கையிலிருந்த அகப்பையை ஓங்கிவிட்டாள்.

"இன்னாடி, காலங்காத்தால அடிக்க வர்றே? பசிக்குது, கஞ்சிய ஊத்து" என்றான் அந்த ஆள், தணிகாசலத்தின் குரலில்.

அவள் அகப்பையை இறக்கவில்லை. நீண்ட மூக்கும் ஒட்டிய கன்னமும் நடுவில் வந்து சேர்ந்துகொண்ட புருவமுமாக அவள் ஆயுசில் பார்த்திராத முகம் அது. கழுத்துக்குக் கீழே மட்டும் எல்லாம் பழையபடி இருந்தது. கத்தி பட்டு இரண்டாகப் பிளந்த கட்டைவிரல் நகம் அப்படியே இருந்தது. அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவள்தான்.

"கப்பல்ல நான் வாந்தி எடுத்தப்ப எதுல பிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"என் தலப்பாவுலதான். அத ஏன் இப்பக் கேக்கறே?"

அவள் கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். தணிகாசலம் வெகுநேரம் பார்த்தான். தாடையைத் தடவிக்கொண்டான், பல்லைக் காட்டிப் பார்த்தான், மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு, "ஆளு பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தான்.

இது நடந்தது பெரிய ஏரியின் வடகரையில், லுகோரா என்கிற கரும்புத் தோட்டத்தில். வடாற்காட்டிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் அங்கே தகரக் கூரை போட்ட லைன் வீடுகளில் குடியிருந்தன. தோட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு புதர்க்காடு கிடந்தது. வெயிலே இறங்காத அந்தப் புதருக்குள் ஈக்கள் இருந்தன. சாப்பாட்டில் உட்காரும் ஈக்கள் அல்ல அவை. ரத்தத்தைத் தவிர வேறெதையும் தொடாத, உட்காரும்போது இறக்கை இரண்டையும் கத்தரிக்கோல் மூடுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொள்கிற, பட்டப்பகலில் வேட்டித் துணியையும் துளைத்துக் கடிக்கிற ஈக்கள். மற்ற ஈக்களைப் போல முட்டைகளைக் கொட்டிவிட்டுப் பறந்துபோகாமல், ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் வைத்து, உள்ளேயே பால் சுரந்து ஊட்டி வளர்த்து, நிழலான மண்ணில் ஈன்றுவிட்டுப் போகும் என்று அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஏரிக்கரைக்காரர்கள் சொன்னார்கள். அது கடித்துக் கொண்டுவரும் வியாதிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மொங்கோட்டா. அந்த வியாதி அவர்களுடைய ஊர்களை ஒருமுறை வழித்துக்கொண்டு போயிருந்தது. வாழைத்தோப்புகளுக்கு நடுவே கூரை விழுந்த குடிசைகள் இன்னும் கிடந்தன.

தணிகாசலத்தின் வேலை அந்த ஈக்களைப் பிடிப்பது. கறுப்புத் துணியில் பலாப்பாலைக் காய்ச்சித் தடவி, அதை முதுகில் கட்டிக்கொண்டு, புதர் ஓரமாக மாடு நடப்பதுபோல் மெதுவாக நடந்துபோக வேண்டும். அசைகிற கறுப்பைக் கண்டால் ஈ மாடென்று நினைத்து வந்து உட்காரும், ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் அபரஞ்சி அந்தத் துணியை அவிழ்த்து நெருப்பில் வாட்டுவாள். ஒருநாள் ஓர் ஈ துணியை விட்டுவிட்டு அவன் பிடரியில் உட்கார்ந்தது. கடித்த இடம் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கிச் சிவந்து, பிறகு அடங்கியது. அதற்கப்புறம்தான் காய்ச்சல் வந்தது, காய்ச்சலுக்கு அப்புறம் முகம்.

லைனில் முதலில் எல்லோரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் பயந்து அழுதன, நாய்கள் அவன் காலை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டின. நாய்களே ஒத்துக்கொண்ட பிறகு மனிதர்கள் ஒத்துக்கொள்ள அதிக நேரம் ஆகவில்லை. கங்காணி வரதப்பன்தான் கொஞ்சம் யோசித்தான். யாரைத் தணிகாசலம் என்று கூப்பிடுவது, யாருக்கு வேலை கொடுப்பது? கடைசியில், அபரஞ்சி வீட்டிலிருந்து காலையில் எந்த முகம் வெளியே வருகிறதோ அதுதான் தணிகாசலம் என்று தீர்ப்புச் சொன்னான். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

சில நாள் கழித்து மறுபடியும் காய்ச்சல் வந்தது, எலும்பை உலுக்கும் குளிர் வந்தது, வேர்த்துக் கொட்டி விட்டது. விட்ட காலையில் மறுபடியும் வேறு முகம். இந்த முறை உருண்டை முகம், சப்பை மூக்கு, அம்மைத் தழும்பு. அடுத்த காய்ச்சலுக்கு வழுக்கைத் தலையும் தொங்கு மீசையும். ஒவ்வொரு முகத்தையும் அபரஞ்சி பழகிக்கொண்டாள்: இந்த முகம் சிரிக்கும்போது கண் மூடிக்கொள்ளும், இந்த முகம் கோபப்பட்டால் மூக்கு நுனி சிவக்கும், இந்த முகம் தூங்கும்போது வாய் திறந்துகொள்ளும் என்று தெரிந்துவைத்துக்கொள்வாள். தெரிந்து முடிப்பதற்கும் காய்ச்சல் வருவதற்கும் சரியாக இருக்கும். சந்தையிலிருந்து திரும்பும்போது தூரத்தில் வருகிற ஆம்பளைகளை எல்லாம், இதில் எவன் என் புருஷனோ என்று பார்த்தபடி வருவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

டாக்டர் லோபோ தோட்டத்துக்கு வந்தபோது தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். அவர் கோவாக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் பேசுவார், ஏரி கைபோல் நிலத்துக்குள் நீண்டிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். பிடரியில் வீங்கியிருந்த நெறிக்கட்டிகளை அமுக்கிப் பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, பூதக்கண்ணாடிக் குழாய்க்கு அடியில் வைத்தார். அபரஞ்சியையும் பார்க்கச் சொன்னார். சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஏதோ ஒன்று மீன்குஞ்சுபோல் துள்ளித் துள்ளி முட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான்" என்றார். "உடம்பு இத அடையாளம் கண்டு அடிக்கும். முக்கால்வாசி செத்துடும், காய்ச்சல் விடும். ஆனா ஒண்ணு ரெண்டு அதுக்குள்ள சட்டைய மாத்திக்கும். உடம்புக்கு அது யாருன்னு தெரியாது. விட்டுடும். அது பெருகும். உடம்பு அந்தச் சட்டையையும் கத்துக்கிட்டு அடிக்கப் போறதுக்குள்ள இன்னொரு சட்டை."

"எத்தினி சட்டைங்க வச்சிருக்கு டாக்டர்?"

"நம்ம ஆயுசுக்குப் போதும்."

"போட்டதையே திரும்பப் போடுமா?"

"போடாது. போட்டா உடம்பு பிடிச்சிடுமே."

அபரஞ்சி தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இவரோட சொந்த மூஞ்சி?" என்று கேட்டாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சி சங்கதி நான் படிச்ச புஸ்தகத்துல இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இப்ப கிருமி ரத்தத்துல இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்தா ஊசியில போயிடும். தலைக்குள்ள ஏறிட்டா அப்புறம் நான் குடுக்கிற மருந்தே ஆளக் கொல்லும். காலம் கடத்தாதீங்க."

அடுத்த படகிலேயே போவது என்று முடிவானது. துணிமணி மூட்டை கட்டியாகிவிட்டது. அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து, விட்டது. விட்ட காலையில் தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போன தணிகாசலத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பூங்காவனம் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவள் புருஷன் சடையப்பன் ஏரியில் படகு கவிழ்ந்து போனவன், உடம்பு கிடைக்கவில்லை. எத்தனையோ வருஷமாகியும் அவள் தாலியைக் கழற்றினவள் இல்லை. குடம் உருண்டு ஓடியதைக்கூடப் பார்க்காமல், கிணற்றுக்கல்லைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா?" என்றாள்.

தணிகாசலம் சடையப்பனைப் பார்த்ததே இல்லை. "அக்கா, நான் தணிகாசலம்" என்றான்.

"தெரியும்பா. தெரியும். நீ பேசாத. சும்மா நில்லு."

அவன் நின்றான். அவள் பார்த்தாள். அன்று மத்தியானம் அபரஞ்சியிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மூஞ்சி இருக்கற மட்டும் போவாதீங்க, அபரஞ்சி. அவன் கோவிச்சுக்கினு போனான். நான்தான் வாயி விட்டேன். கொஞ்சம் பாத்துக்கறேன்" என்று கேட்டாள். மூட்டை கட்டிலுக்கு அடியில் போனது. பூங்காவனம் தினமும் வேலை முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து, சடையப்பனிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னாள். கருவாடு வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். தணிகாசலம் தலையாட்டிக் கேட்டான், கருவாட்டைத் தின்றான். அடுத்த காய்ச்சலில் அந்த முகம் போனபோது பூங்காவனம் வாசலில் தண்ணீர் தெளித்து, குளித்து, தாலியைக் கழற்றி வைத்தாள். முதல்முறையாக அவள் வயிறாரச் சாப்பிட்டதை லைன் முழுக்கப் பார்த்தது.

அதிலிருந்து தணிகாசலத்தின் காய்ச்சல் லைனுக்கே சொந்தமாகிவிட்டது. அவனுக்கு உடம்பு சுடத் தொடங்கினால் செய்தி வீடு வீடாகப் போகும். விடுகிற காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். கப்பலில் செத்துக் கடலில் தள்ளப்பட்ட தம்பிக்காக ஒருவன் நிற்பான், ஊரில் விட்டுவிட்டு வந்து அப்புறம் சாவுச் செய்தி மட்டும் கேட்ட அப்பனுக்காக ஒருத்தி நிற்பாள். கதவு திறந்து தணிகாசலம் வெளியே வந்ததும் ஒரு குரல் மட்டும் "ஐயோ" என்று எழும்பும், மற்றவர்கள் பெருமூச்சு விட்டுக் கலைவார்கள். சில முகங்களை யாருமே தெரிந்துகொள்ளாமல் போவதும் உண்டு. அந்த நாட்களில் தணிகாசலம் நிம்மதியாகப் புதருக்குப் போய் ஈ பிடித்துவிட்டு வருவான்.

அவன் இளைத்துக்கொண்டே வந்தான். கண் குழி விழுந்தது, நெறிகள் நெல்லிக்காய் அளவுக்குத் தடித்தன.

"போதும், கெளம்பலாங்க" என்பாள் அபரஞ்சி.

"வரதப்பன் சம்சாரம் நேத்து அழுவுது. செத்த கொழந்தையோட மூஞ்சி வருமான்னு கேக்குது. கொழந்த மூஞ்சி எனக்கு எப்படிடி வரும்? ஆனா கேக்குது. இந்த ஒரு காய்ச்சல் பாத்துட்டுப் போவலாம்."

"எல்லாருக்கும் நீங்க செத்தவங்களக் காட்டுங்க. என் ஆள நான் எங்க போய்ப் பாக்கறது?"

அவன் அவள் தலையில் கையை வைத்தான். அவனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அபரஞ்சி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்; ஆனால் அவளுக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு கௌரவம் இருந்தது. கிணற்றடியில் வழிவிட்டார்கள், அவள் வீட்டு விறகை யாராவது பிளந்து வைத்தார்கள். பாவம் என்று அவளும் விட்டுவிட்டாள், இன்னொரு காய்ச்சல், இன்னொரு காய்ச்சல் என்று.

பிறகு ஒரு காலை கதவு திறந்தபோது யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை.

தணிகாசலத்துக்கு ஏரிக்கரைக்காரன் முகம் வந்திருந்தது. அகன்ற நெற்றி, தடித்த உதடு, தலையோடு ஒட்டிச் சுருண்ட மயிர், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் ஒரு தழும்பு. நிறம்கூட மாறவில்லை, அது தணிகாசலத்தின் பழைய கறுப்புதான். கூட்டத்தில் நின்ற பாதிப் பேர் அதைவிடக் கறுப்பாக இருந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் போனார்கள். குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒருத்தி அதன் முகத்தை முந்தானையால் மூடினாள். யாரோ வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து லைன் நெடுகத் தாழ்ப்பாள்கள் விழுந்தன.

"இன்னா ஆச்சு எல்லாருக்கும்?" என்று கேட்டான் தணிகாசலம், வடாற்காட்டுத் தமிழில், தன் குரலில்.

மத்தியானம் வரதப்பன் வந்தான். வாசல்படி ஏறாமல் தெருவில் நின்றான். "அபரஞ்சி, தப்பா எடுத்துக்காத. இத்தினி நாளு வந்ததெல்லாம் நம்ம ஜனம். இது அப்படி இல்ல. கெணத்துல பொம்பளைங்க தண்ணி எடுக்கணும். இந்த மூஞ்சி போவற வரைக்கும் வேற எங்கயாச்சும் இருங்க. அடுத்த காய்ச்சல்ல திரும்பி வந்துடுங்க."

"அண்ணே, இது யாருன்னு உனக்குத் தெரியாதா? எங்க வூட்லேர்ந்து எந்த மூஞ்சி வந்தாலும் அது அவருதான்னு நீதான சொன்னே?"

"சொன்னேன்" என்றான் வரதப்பன். அவள் முகத்தைப் பார்க்காமல் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுக்குச் சொல்லல."

அபரஞ்சி பூங்காவனத்தின் கதவைத் தட்டினாள். உள்ளே அடுப்பு ஊதுகிற சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. அவள் தன் வீட்டுக்குத் திரும்பி, கட்டிலுக்கு அடியில் கிடந்த மூட்டையை இழுத்தாள், புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள், கரும்புக் கொல்லை வரப்பு வழியாக ஏரியைப் பார்த்து நடந்தாள்.

அவனால் வேகமாக நடக்க முடியவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகியது. ஏரிக்கரை வாழைத்தோப்பு ஒன்றில் அவன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனான். தோப்புக்காரி ஒரு வயசான பொம்பளை, பெயர் நங்கோபி, சந்தையில் அபரஞ்சிக்கு வாழைக்காய் விற்பவள். மண்வெட்டியோடு வந்தவள் தூங்குகிறவனைப் பார்த்தாள். மண்வெட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, அவன் இடது புருவத்துத் தழும்பை விரல் நுனியால் தொட்டாள்.

"கிருண்டா" என்றாள்.

கிருண்டா அவள் மகன். மொங்கோட்டா வந்து செத்துப்போனவன். சின்ன வயதில் தோணியிலிருந்து விழுந்ததில் வந்த தழும்பு அது என்று, இரண்டு பேருக்கும் பாதி பாதி தெரிந்த சந்தைப் பேச்சில் அவள் அபரஞ்சிக்குச் சொன்னாள். அபரஞ்சியும் தன் கதையைச் சொன்னாள். இது உன் மகன் இல்லை, என் புருஷன், காய்ச்சலில் இப்படி ஆகிறது என்று சொன்னாள். நங்கோபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வியாதிக்காரன் வெறுந்தரையில் கிடக்கிறானே, உள்ளே தூக்கு என்று சொல்லி, அவன் கால் பக்கம் போய்க் குனிந்தாள்.

அபரஞ்சி அடுத்த காய்ச்சலுக்குக் காத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வரவில்லை. முகம் மாறவில்லை. அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக அவன் தூங்கினான். சோற்றை வாயில் வைத்தபடி தூங்கினான், பேச்சின் நடுவில் தூங்கினான், பொழுது சாய்ந்தால் மட்டும் விழித்துக்கொண்டு, எழுந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தான். முன்பு முகம்தான் மாறிக்கொண்டிருந்தது, ஆள் இருந்தான். இப்போது முகம் நின்றுவிட்டது, உள்ளே இருக்கிற ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தான். அவளை ஒருநாள் அம்மா என்று கூப்பிட்டான், இன்னொரு நாள் யார் நீ என்று கேட்டுவிட்டுத் தள்ளினான். நங்கோபிக்கு இதெல்லாம் தெரிந்த பாதை. அடுத்து என்ன வரும் என்று அபரஞ்சி கேட்டபோது அவள் சொல்லவில்லை, அவனுக்கு வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் லோபோவை நங்கோபியின் ஆட்கள் தோணி அனுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் தணிகாசலத்தின் முதுகெலும்பில் ஊசி ஏற்றி நீர் எடுத்துப் பார்த்தார். வெளியே வந்து, அபரஞ்சியைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"ஏறிடுச்சு."

அவள் கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கிற மருந்து பாஷாணம்மா. வேறெதுவும் மூளைக்குள்ள போவாது. ஊசி போட்டா நரம்பெல்லாம் மிளகாத்தூள் போட்ட மாதிரி எரியும். பொழைக்கிறவங்க பொழைக்கிறாங்க. சில பேர மருந்தே எடுத்துக்குது. போடலன்னா ஒருத்தரும் பொழைக்கிறதில்ல."

"மூஞ்சி?"

"பொழச்சா, இப்ப இருக்கிற மூஞ்சிதான் நிக்கும்னு நினைக்கிறேன். எனக்குத் தெரியல."

இந்தச் செய்தி எப்படியோ லைனுக்குப் போய், அங்கிருந்து பூங்காவனம் ஒரு தூக்குச் சட்டியில் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். தோப்புக்கு வெளியே நின்றாள்.

"அவசரப்படாத, அபரஞ்சி. அந்த மூஞ்சியோட பொழச்சா நீ எங்க போவே? ஊருக்குப் போவ முடியுமா? அவரோட சொந்த மூஞ்சி திரும்பற வரைக்கும் பொறுத்துப் பாரு."

"திரும்பாதுக்கா. போட்ட சட்டைய அது திரும்பப் போடாது."

"யாரு சொன்னா?"

"உங்களுக்கெல்லாம் மூஞ்சி காட்டறதுக்கு முன்னாடியே டாக்டர் சொன்னாரு."

பூங்காவனம் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "கதவு... அன்னிக்கி என்னால எழுந்துக்க முடியல" என்றாள். அபரஞ்சி குழம்பை வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே போய் நங்கோபியிடம், தோணி வேண்டும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றும்போது தணிகாசலத்தை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் அலறியது ஏரிவரைக்கும் கேட்டது. அபரஞ்சி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கிருண்டாவின் நெற்றியை, கிருண்டாவின் புருவத் தழும்பை, கிருண்டாவின் உதட்டோரத்தில் வழிகிற எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மருந்து போட்டு, விட்டு, மறுபடியும் போட்டார்கள். தூக்கம் கலையத் தொடங்கியது. ஒருநாள் பகலில் அவன் கண்ணை முழுசாகத் திறந்து, ஜன்னலைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தான்.

"அபரஞ்சி" என்றான்.

அவளுக்கு எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. அவன் பெயரைச் சொன்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எளச்சிட்டே நீ" என்றான். "சாப்பிடறியா?"

"சாப்பிடறேன்."

"எங்க இருக்கோம்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கதவடைத்ததையும் சொன்னாள், நங்கோபியைப் பற்றியும் சொன்னாள். அவன் கையைத் தூக்கித் தன் முகத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தான். நெற்றி, மூக்கு, தழும்பு. கண்ணாடி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அந்தக் கெழவி பார்த்துச்சா?"

"நித்தம் பார்த்துக்கினுதான் இருந்துது. உங்களுக்கு ஊட்டிவுட்டது அதுதான்."

"நான் ஏதாச்சும் பேசினேனா அதுங்கிட்ட?"

"இல்ல. தூங்கினீங்க."

"பேசியிருக்கலாம்" என்றான் தணிகாசலம். "பூங்காவனம் அக்கா எப்படிப் பேசிச்சு. இதுக்கும் மகன்கிட்ட சொல்ல ஏதாச்சும் இருந்திருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்குப் போவணும்டி" என்றான். "நம்ம தெருவுல யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா போவணும்."

"போவலாம்."

அவன் அன்று கஞ்சி குடித்தான், கறியில் காரம் போதவில்லை என்றான், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கடைசி ஊசி பாக்கி இருந்தது. அதைப் போட்ட மறுநாள் அவனுக்கு இழுப்பு வந்தது. உடம்பு வில்லாக வளைந்தது, கண் மேலே சொருகியது. டாக்டர் தெரிந்ததையெல்லாம் செய்தார். வெயில் தாழ்வதற்குள் தணிகாசலம் போய்விட்டான்.

மருந்து கொன்றதா வியாதி கொன்றதா என்று அபரஞ்சி டாக்டரைக் கேட்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

தோணியில் உடம்பைக் கொண்டுவந்து நங்கோபியின் குடிசையில் கிடத்தினார்கள். மூடியிருந்த துணியை விலக்கி முகத்தைக் கழுவலாம் என்று தண்ணீரோடு உட்கார்ந்த அபரஞ்சி, செம்பைக் கீழே வைத்தாள். முகம் மாறியிருந்தது. ரத்தம் நின்றுபோன உடம்பில் சட்டை மாற்றக் கிருமி எதுவும் மிச்சமில்லை. உருண்ட மூக்கு, கொஞ்சம் எடுப்பான பல்லு, தாடையில் அவள் ஆயிரம் தடவை பார்த்த பள்ளம். தாலி கட்டும்போது அவள் நிமிர்ந்து பார்த்த அதே முகம், வயசும் வியாதியும் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. எத்தனையோ முகங்களுக்கு அப்புறம் அவளுடைய ஆள் வந்து சேர்ந்திருந்தான். அவள் குரல் எழுப்பவில்லை. கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டாள், அது ஜில்லிட்டிருந்தது.

நங்கோபி எட்டிப் பார்த்தாள். தன் மகன் இரண்டாவது தடவையும் போய்விட்டதைப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்து, அந்த அந்நிய முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரைக்கும் கழுவிவிட்டாள்.

வெளியே ஆளரவம் கேட்டது. லைனிலிருந்து ஆம்பளைகள் வந்திருந்தார்கள், பின்னால் சில பொம்பளைகள், அவர்களில் பூங்காவனமும். பாடை கட்ட மூங்கில்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் தோப்புக்கு உள்ளே வரவில்லை. அபரஞ்சி துணியை இழுத்து முகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வரதப்பன் தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "மனசு கேக்கல அபரஞ்சி" என்றான். கண் கலங்கித்தான் இருந்தது. "நம்ம மொறப்படி தூக்கிக்கினு போயி எல்லாம் செஞ்சிடலாம்னு வந்தோம்." நிறுத்தினான். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "எந்த மூஞ்சியோட போனாரு?"

அபரஞ்சி அவனைப் பார்த்தாள். பூங்காவனத்தைப் பார்த்தாள். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவரும் எந்தெந்தக் காலையில் தன் வாசலில் வந்து நின்றார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தன் புருஷனுக்குச் சேர வேண்டிய கொள்ளியும் வாய்க்கரிசியும் அந்த வாசலில் காத்துக்கொண்டிருந்தன, ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்ளே வந்துவிடுவார்கள்.

"நீங்க கதவச் சாத்தினீங்களே, அதே மூஞ்சிதான்" என்றாள்.

பூங்காவனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், ஆனால் வரப்பைத் தாண்டிக் காலை எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வந்த வழியே கரும்புக்குள் போனார்கள். அவர்கள் மறையும்வரை அபரஞ்சி வாசலை விட்டு நகரவில்லை. பொய் சொன்னதற்காக அவளுக்கு வருத்தம் வந்தது, அவனுக்காக. எந்த முகம் என்று கேட்காமல் உள்ளே வருகிறவர் ஒருவராவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அந்த வருத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

தோப்புக்குப் பின்னால், கிருண்டாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், நங்கோபியின் ஆட்கள் குழி வெட்டினார்கள். மரப்பட்டையை அடித்துச் செய்த துணியில் அவனைச் சுற்றி இறக்கினார்கள். மண் தள்ளும்போது நங்கோபி தன் மகனின் பெயரைச் சொல்லி ஓலமிட்டாள். அபரஞ்சி தடுக்கவில்லை. தன் புருஷனின் பெயரை அதுவரை வாய்விட்டுச் சொல்லியே அறியாதவள், ஊரே கேட்கும்படி, "தணிகாசலம், தணிகாசலம்" என்று கூப்பிட்டு அழுதாள். இரண்டு பெயரும் ஒரே குழிக்குள் விழுந்தன, அவற்றின்மேல் சிவப்பு மண் விழுந்துகொண்டே இருந்தது.